எண்ணியல் கணிப்புக்கான கட்டற்ற மென்பொருள் (செங்கல்பட்டு வட்டாரம்)

ஜி.எஸ்.டி. சாலையிலும் ஓ.எம்.ஆரிலும் வண்டலூர் தொடங்கி மாமல்லபுரம் கடற்கரை வரை நிறைந்துள்ள பொறியியல் கல்லூரிகளில் எண்ணியல் கணிப்பு என்றாலே விலைக்கு வாங்கும் மேட்லாப் மென்பொருள் என்றாகிவிட்டது. ஆனால் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 பாடத்திட்டம், டிஜிட்டல் சிக்னல் ஆய்வகத்துக்கு மேட்லாப் அல்லது இணையான மென்பொருள் போதும் என்றது. கட்டற்ற மாற்றுகளை விதி தடுக்கவில்லை. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை வசதிப் பட்டியல் தீர்மானிப்பதைவிட, ஆய்வகத்தில் ஏற்கெனவே எழுதிவைத்திருக்கும் நிரல்கள் தீர்மானிப்பதே முறை.

விலை கொடுத்து வாங்கியதால்தான் விடை துல்லியமாக வருகிறது என்ற எண்ணத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. லின்பேக், ஐஸ்பேக் என்ற அணிக்கணித நிரல்தொகுப்புகள் அமெரிக்க அரசுப் பணத்தில் உருவாகி எல்லோருக்கும் கிடைத்தவை. ஃபோர்ட்ரான் தெரியாத மாணவர்களும் அவற்றைக் கையாளட்டும் என்று 1970களின் இறுதியில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் எழுதியதே மேட்லாப். முதலில் அது இலவசமாகவே கைமாறியது. 1984இல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தோன்றிய பிறகே விற்பனைக்கு வந்தது. லின்பேக், ஐஸ்பேக் இரண்டின் வாரிசான லேபேக்கைத்தான் இன்று மேட்லாப்பும் நம்பியுள்ளது. கட்டற்ற மாற்றுகளான ஆக்டேவ், சைலேப், பைத்தான் மொழியின் நம்பை ஆகியவையும் அதையே நம்பியுள்ளன. அணிக்கணக்கில் அடித்தளம் ஒன்றே. கட்டற்ற மென்பொருளில் கணக்கின் உள்வேலையைத் திறந்து பார்க்க முடிவது மாணவர்களுக்குக் கூடுதல் பயன்.

வேதிவினைக்கலன் வடிவமைப்புப் பாடநூலுக்குத் துணையாகத் திட்டமிடப்பட்ட ஆக்டேவை ஜான் ஈட்டன் 1992இல் முழுநேரமாக எழுதத் தொடங்கினார். பெயர் அவருடைய பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலுடையது. மேட்லாப் நிரல்கள் பெரும்பாலும் அப்படியே இதில் ஓடும் என்பதால், பழைய நிரல்கள் குவிந்திருக்கும் ஆய்வகத்துக்கு இதுவே பொருத்தம். பிரான்சின் இன்ரியா ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சைலேப்பின் எழுத்துமுறை சற்று வேறு. நிரல்களைத் திருத்தியாக வேண்டும். எனினும் மேட்லாப்பின் சிமுலிங்க் போலக் கட்டப்படம் வரைந்து இயக்க அதில் எக்ஸ்காஸ் இருக்கிறது, ஆக்டேவில் அதற்கு ஈடில்லை. பாடநூல்களின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர்களைக் கொண்டே சைலேப்பில் எழுதவைத்து மும்பை ஐஐடியின் ஃபாசி திட்டம் இலவசமாகத் தருவதால் ஆசிரியரின் சுமையும் குறைகிறது. வேலைக்கு எடுப்போர் மேட்லாப்தானே கேட்கிறார்கள் என்பது வலுவான ஆட்சேபம்தான். ஆக்டேவில் பழகியவருக்கு மேட்லாப் மொழி புதிதல்ல என்பதே அதற்கு விடை. மேட்லாப்பின் சிறப்பு டூல்பாக்ஸ்களை நம்பிய ஆராய்ச்சிக்கு மட்டும் சில உரிமங்களை வைத்துக்கொள்ளலாம். பழைய நிரல்கள் இல்லாமல் புதிதாகத் தொடங்குவோர் இப்போது பெரும்பாலும் பைத்தானுக்கே போகிறார்கள்.