அன்னபூர்ணாவில் உருண்டு போன கையுறைகள்

மலையேற்ற வரலாற்றைப் படிப்பவர்கள் எந்தச் சிகரம், எத்தனை மீட்டர், யார் முதலில் ஏறினார் என்றுதான் நினைவில் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அதில் மறக்க முடியாமல் நிற்பது ஒரு ஜோடி கையுறை. பனிமலையில் ஏறுகிறவர்கள் கையில் எதைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி கேட்பதற்குச் சில்லறை விஷயமாகத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் வெட்டி எடுக்கப்பட்ட விரல்களின் வரலாறு இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

1950 ஜூன் 3. நேபாளத்தில் உள்ள அன்னபூர்ணா சிகரம், உயரம் 8,091 மீட்டர். அதுவரை எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட எந்தச் சிகரத்தின் உச்சியையும் மனிதன் தொட்டதில்லை. அன்று பிற்பகல் மோரிஸ் ஹெர்சோக், லூயி லாஷெனால் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் அங்கே நின்றார்கள். ஆக்சிஜன் சிலிண்டர் கிடையாது. கையில் இருந்த வரைபடம் தவறானது. மலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் ஏறுவது என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் அலைந்திருந்தார்கள். பருவமழை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

இதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். குழுவின் ஷெர்பாக்களுக்குத் தலைவர் ஆங் தார்கே. இமயமலையில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர். கடைசி முகாமில் வைத்து ஹெர்சோக் அவரிடம், நீயும் உச்சிக்கு வா என்று அழைத்தார். ஆங் தார்கே நன்றி சொல்லி மறுத்துவிட்டார். கால்கள் உறைய ஆரம்பிக்கின்றன, நான் கீழே போகிறேன் என்பதுதான் அவர் சொன்ன காரணம். அன்று அந்த மலையில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே மிகத் தெளிவான முடிவு இதுதான் என்பது என் எண்ணம். அவர் விரல்களோடு ஊர் திரும்பினார்.

லாஷெனாலுக்கும் தன் கால்கள் உறைவது தெரிந்தே இருந்தது. அவர் சாமோனியில் மலை வழிகாட்டி, கால்தான் அவருக்குச் சோறு போடுவது. நான் திரும்பினால் நீ என்ன செய்வாய் என்று வழியில் ஹெர்சோக்கிடம் கேட்டார். தனியாகப் போவேன் என்று பதில் வந்தது. அப்படியானால் நானும் வருகிறேன் என்று பின்தொடர்ந்தார். ஹெர்சோக்கைத் தனியே விட்டால் உயிரோடு திரும்பமாட்டார் என்று நினைத்துத்தான் அவர் கூடப் போனார் என்பது, அவருடைய குறிப்புகள் 1996ல் வெட்டப்படாமல் முழுமையாக வெளிவந்தபோதுதான் பலருக்கும் தெரிந்தது. லாஷெனால் 1955லேயே ஒரு பனிப்பிளவில் விழுந்து இறந்துவிட்டிருந்தார்.

சரி, கையுறைக்கு வருவோம். உச்சியில் கொடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். லாஷெனால் அவசரமாக இறங்க ஆரம்பித்தார். பின்னால் வந்த ஹெர்சோக் ஏதோ எடுப்பதற்காக முதுகுப்பையைத் திறக்க நின்றார். கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். அவ்வளவுதான். அவை சரிவில் வழுக்கி, உருண்டு, கண்ணெதிரே போய்விட்டன. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருடைய பையிலேயே மாற்றுக் காலுறைகள் இருந்தன. இப்படிப்பட்ட அவசரத்துக்குக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்றுதான் வைத்திருந்தார். ஆனால் அந்த நேரத்தில் அது அவர் நினைவுக்கே வரவில்லை. எட்டாயிரம் மீட்டர் உயரத்தில் நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. மூளை மந்தமாகிவிடும், ஆனால் மந்தமாகிவிட்டது என்பது தெரியாது. வெறுங்கையோடு இறங்கினார்.

ஐந்தாம் முகாமில் லியோனல் டெரே, காஸ்டன் ரெபூஃபா இருவரும் காத்திருந்தார்கள். டெரே மகிழ்ச்சியோடு கைகொடுத்தார். பிடித்த கை பனிக்கட்டி போல இருந்தது. அந்த இரவு முழுக்க நண்பர்கள் இருவரும் ஹெர்சோக், லாஷெனால் இருவரின் உறைந்த கைகால்களைக் கயிற்று நுனியால் அடித்தார்கள், தேய்த்தார்கள். இரத்தம் திரும்ப ஓட வேண்டுமே! அன்றைக்கு அதுதான் மருத்துவம்.

இந்த மருத்துவத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1812ல் நெப்போலியன் படை ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது அதன் தலைமை மருத்துவர்களில் ஒருவர் டொமினிக் லாரே. உறைந்த கையை நெருப்பருகே காட்டிய வீரர்களுக்குச் சதை அழுகிப்போவதைக் கவனித்தார். எனவே மெதுவாகச் சூடாக்க வேண்டும், பனியால் தேய்க்க வேண்டும் என்று எழுதி வைத்தார். அவர் கண்ணால் பார்த்தது சரி, எடுத்த முடிவுதான் தவறு. உறைந்த திசுவைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் பனித் துகள்கள் மேலும் சேதம் செய்யும். இருந்தும் கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுகள் உலகம் முழுவதும் இதைத்தான் பின்பற்றினார்கள். அலாஸ்காவில் வில்லியம் மில்ஸ் என்ற மருத்துவர் 1960ஐ ஒட்டி, உடல் சூடு அளவுள்ள வெந்நீரில் உறுப்பை மூழ்கவைத்து வேகமாகச் சூடாக்குவதே நல்லது என்று நோயாளிகளின் அனுபவத்தோடு காட்டிய பிறகுதான் பழைய முறை ஒழிய ஆரம்பித்தது. ஹெர்சோக்குக்கு அது பத்து ஆண்டு தாமதம்.

மறுநாள் புயல். நால்வரும் வழிதவறி, ஒரு பனிப்பிளவுக்குள் ஒரே ஒரு தூக்கப் பையோடு இரவைக் கழித்தார்கள். பிறகு ஷெர்பாக்கள் முதுகில் சுமந்து இறக்கினார்கள். குழுவின் மருத்துவர் ஜாக் ஊடோ வழியெல்லாம் ஊசி போட்டார், அழுகிய பாகங்களை வெட்டினார். இந்திய எல்லைக்குள் வந்து கோரக்பூர் நோக்கிப் போகும் ரயிலில்கூட அந்த வேலை தொடர்ந்தது. வெட்டிய விரல்களைப் பெட்டியின் கதவு வழியே கூட்டித் தள்ளினார்கள் என்று ஹெர்சோக்கே எழுதியிருக்கிறார். அவருக்குக் கால்விரல்கள் முழுதும், கைவிரல்களில் பெரும்பகுதியும் போயின. லாஷெனாலுக்குக் கால்விரல்கள் எல்லாம் போயின. பேனா பிடிக்க முடியாத ஹெர்சோக், மருத்துவமனையில் படுத்தபடி வாயால் சொல்லி எழுதவைத்ததுதான் 1951ல் வந்து உலகம் முழுவதும் விற்ற அன்னபூர்ணா புத்தகம்.

இப்போது ஒரு கேள்வி. கையுறை தொலையக்கூடாது என்பது 1950க்கு முன்னால் யாருக்கும் தெரியாதா? நன்றாகவே தெரியும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட் குழுவினர் தென்துருவப் பகுதிக்குப் போனபோது, பெரிய ரோமக் கையுறைகளைக் கழுத்தில் மாட்டிய நாடாவில் தொங்கவிட்டிருந்தார்கள். கழற்றினாலும் மார்பில் தொங்கும், காற்று கொண்டு போகாது. ஒரு முழம் நாடா! இவ்வளவு மலிவான பாதுகாப்பு வேறு எதுவும் இல்லை.

அப்படியானால் கழற்றாமலே இருக்கலாமே என்று தோன்றும். பிரச்சினையே அங்கேதான் இருக்கிறது. கைக்கு இரண்டு தேவைகள், இரண்டும் ஒன்றுக்கொன்று பகை. சூடு வேண்டுமென்றால் கையுறை தடிமனாக இருக்க வேண்டும். முடிச்சுப் போட, கொக்கி மாட்ட, புகைப்படம் எடுக்க வேண்டுமென்றால் மெல்லியதாக இருக்க வேண்டும். விரலில் தசை கிடையாது, அது தானாகச் சூடு உண்டாக்காது. குளிர் அதிகமானால் உடல் முதலில் இதயத்தையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும், விரலுக்குப் போகும் இரத்தத்தைச் சுருக்கிவிடும். அதனால்தான் விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே அறையில் ஒட்டி இருக்கும் மிட்டன் அதிகச் சூடு தரும். ஆனால் மிட்டனைப் போட்டுக்கொண்டு ஒரு திருகைத் திருப்பிப் பாருங்கள்!

இதற்கு மலையேறிகள் கண்ட வழி அடுக்கு. 1953 மே 29 காலை எவரெஸ்ட் கூடாரத்தில் எட்மண்ட் ஹிலாரியும் டென்சிங்கும் மூன்று ஜோடி கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டார்கள். உள்ளே பட்டு, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத துணி. நுணுக்கமான வேலைக்கு வெளி அடுக்குகளை மட்டும் கழற்றலாம், பட்டு அப்படியே இருக்கும். வெளி அடுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் கணக்கும் அப்போது வந்துவிட்டிருந்தது. பால் சைப்பிள், சார்லஸ் பேசல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அண்டார்டிகாவில் ஒரு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று வெவ்வேறு காற்று வேகங்களில் அளந்தார்கள். 1945ல் வெளியானது அந்த ஆய்வு. வானிலை அறிக்கைகளில் வரும் காற்றுக்குளிர் என்ற கணக்கின் தொடக்கம் இதுதான்.

இதுவரை சொன்னது உயரமான மலைகளின் கதை. செங்குத்தான பனிச்சுவரில் ஏறுவது வேறு மாதிரி விளையாட்டு. பழைய காலத்தில் நீளமான பனிக்கோடாரியால் படி வெட்டி, அதில் நின்று ஏறுவார்கள். 1929ல் இத்தாலியின் லோரான் கிரிவெல், காலணிக்கு அடியில் மாட்டும் இரும்பு முள் சட்டத்தில் முன்பக்கமாக நீட்டிய இரண்டு முட்களைச் சேர்த்தார். 1966ல் அமெரிக்கரான ஈவோன் ஷுயினார், பிரான்சின் ஷார்லே பட்டறையில் சொல்லி, அலகு வளைந்த குட்டைக் கோடாரி செய்ய வைத்தார். பிறகு இரண்டு கையிலும் இரண்டு கோடாரி, காலில் முன்முள், படியே வெட்டாமல் நேராக ஏறலாம் என்று ஆனது.

இதனால் கைக்கு வந்தது புதுச் சிரமம். முன்பு பனிக்குச் சற்று தள்ளி இருந்த கை இப்போது ஒவ்வொரு அடிக்கும் சுவரில் மோதியது. ஸ்காட்லாந்தின் ஹாமிஷ் மெக்கின்னஸ் 1970வாக்கில் செய்த டெரடாக்டில் என்ற கோடாரி பனியில் பிரமாதமாகப் பிடிக்கும், ஆனால் விரல் முட்டிகளைப் பெயர்த்துவிடும் என்று பெயர் வாங்கியது. அன்று அங்கே பலரும் போட்டது டாக்ஸ்டைன் மிட்டன். ஆஸ்திரியத் தயாரிப்பு. கம்பளியைப் பெரிதாகப் பின்னி, வெந்நீரில் போட்டுச் சுருக்கி, கெட்டியான நம்தா போல ஆக்கியது. நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். வெளிப்பக்கம் உறைந்துபோனால் அந்தப் பனிப்படலமே காற்றைத் தடுக்கும். இன்றைய விலை உயர்ந்த கையுறைகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எளிய பொருளின் மீது மரியாதை கூடுகிறது.

அடுத்து வந்தது வேதியியல். 1969ல் பாப் கோர் ஒரு பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்து நீட்டியபோது, நுண்ணிய துளைகள் நிறைந்த படலம் கிடைத்தது. நீர்த்துளி நுழையாது, வியர்வை ஆவி வெளியேறும். 1976ல் கோர்டெக்ஸ் என்ற பெயரில் துணியாகச் சந்தைக்கு வந்து, பின்னர் கையுறைக்குள்ளும் நுழைந்தது. ஆனால் வெளித்தோல் நன்றாக ஊறிவிட்டால் ஆவி போக வழியில்லை, உள்ளே கை வியர்த்து நனையும். நனைந்த கைக்குக் குளிர் இரட்டிப்பு. எந்தத் துணியாலும் இதை முழுக்கத் தீர்க்க முடிந்ததில்லை.

எனவே இன்று பனிச்சுவர் ஏறுபவர்கள் ஒரே நல்ல கையுறையைத் தேடுவதில்லை. அடிவாரம் வரை நடக்க மெல்லியது. ஏறுவதற்கு உள்ளங்கையில் ஆட்டுத்தோல் வைத்த நடுத்தரமானது. ஏறும் கையுறை கோடாரிப் பிடியை உணரும் அளவுக்கு மெல்லியதாக இல்லாவிட்டால், இறுக்கிப் பிடித்துப் பிடித்தே முன்னங்கை சோர்ந்துவிடும். கீழே நின்று கயிறு பிடிக்கும்போது கை சும்மா இருக்கும், அப்போதுதான் குளிர் ஏறும், அதற்குப் பருமனான மிட்டன். மாற்று ஜோடியைப் பையில் வைக்காமல் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொள்வார்கள். அளவு வாங்கும்போது இறுக்கமாக வாங்கவே கூடாது, இரத்தம் போக இடம் வேண்டும். தலைக்கு மேலே கையைத் தூக்கியே ஏறுவதால் உருகிய நீர் மணிக்கட்டு வழியாக உள்ளே வழியும், ஆகவே விளிம்பு சட்டைக் கைக்குள் நுழைகிறதா, மேலே மூடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், மரத்துப்போன விரலுக்கு இரத்தம் திரும்பும்போது அழுகையும் வாந்தியும் சேர்ந்து வரும் ஒரு வலி உண்டு. அந்த வலி நல்ல செய்தி. வலிக்காமல் வெள்ளையாக, மரம் போல இருக்கும் விரலைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

1996 மே மாதம் எவரெஸ்ட்டில் புயலில் சிக்கிய அமெரிக்க மருத்துவர் பெக் வெதர்ஸ் இறந்துவிட்டதாகவே விடப்பட்டார். மறுநாள் அவராகவே எழுந்து முகாமுக்கு நடந்து வந்தபோது வலது கையில் கையுறை இல்லை. அந்தக் கை முழங்கைக்குக் கீழே போயிற்று, இடது கையின் விரல்களும் போயின. கோர்டெக்ஸ் சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று பல மலைக் கையுறைகளில் மணிக்கட்டில் மாட்டும் சிறிய மீள்நாடா தைத்தே வருகிறது. கழற்றினால் கையிலேயே தொங்கும்.