எழுதி வைத்த வீடு

இங்கிலாந்தில், செவனோக்ஸ் ஊரின் கடைத்தெருவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தேன். நோல் பூங்கா வந்துவிட்டது. ஆயிரம் ஏக்கர். மேய்ந்துகொண்டிருந்த மான்கள் என்னை லட்சியம் செய்யவில்லை. 1987 அக்டோபர் புயல் பழைய மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. நான் நடந்ததெல்லாம் பிறகு நட்டவற்றின் நிழலில்தான்.

மரங்களுக்கு அப்பால் அந்தப் பெரிய வீடு. எட்டாம் ஹென்றி அதன்மேல் கண் வைத்தான். ஆர்ச்பிஷப் கிரான்மர் 1538-ல் கொடுத்துத் தீர்த்தார். பிற்பாடு சாக்வில் குடும்பத்தின் கைக்கு வந்தது. எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் இங்கே பிறந்து வளர்ந்தவர். ஒரே குழந்தை, ஆனால் பெண்ணாயிற்றே! 1928-ல் தகப்பனார் காலமானதும் வீடு சிற்றப்பாவுக்குப் போயிற்று. நம் ஊரில் கேளாத கதையா? அதே வருஷம் தோழி வர்ஜீனியா வுல்ஃப் தம் 'ஆர்லாண்டோ' நாவலில் அந்த வீட்டை விட்டாவுக்கே எழுதி வைத்துவிட்டார். அதன் கையெழுத்துப் பிரதி நோலில்தான் இருக்கிறது.