கம்பிவழிப் பயணம் – 2: குட்டி வண்டியும் நெட்டைக் கழியும்

ஹாலன்சே, பெர்லினை ஒட்டிய சிற்றூர். 1882 ஏப்ரல் 29. குதிரை பூட்டாத வண்டி ஒன்று தெருவில் நகரத் தொடங்கிய இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

ஓட்டியவர்கள் வெர்னர் சீமென்ஸின் ஆட்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கண் வண்டியின் மேலேயே இருந்திருக்கும். என் கண் அதற்கும் மேலே போகிறது. மின்சாரம் தரும் கம்பிகள் ஏன் இரண்டு?

டிராமுக்கு மேலே ஒற்றைக் கம்பி போதும். வந்த மின்சாரம் இரும்புச் சக்கரம் வழியாகத் தண்டவாளத்தில் இறங்கித் திரும்பிவிடும். தெருவில் ஓடும் வண்டிக்குத் தண்டவாளம் ஏது? திரும்பும் வழியையும் ஆகாயத்திலேயே போட வேண்டியிருந்தது.

அந்த இரண்டு கம்பிகளின் முதுகில் எட்டுச் சக்கரக் குட்டி வண்டி ஒன்றை ஏற்றினார் சீமென்ஸ். கன்றைக் கயிற்றில் இழுத்துப்போவதுபோல, கீழே போகும் பெரிய வண்டி அதை மின்கயிற்றால் இழுத்துச் சென்றது. 540 மீட்டர் தூரம். ஜூன் 13 அன்று சோதனை முடிந்தது.

கம்பியின் முதுகில் ஓடும் எதற்கும் ஒரே ஆபத்துதான்: தடம் புரண்டால் கீழே இருப்பவர் தலையில் விழும். எதிரெதிரே இரண்டு பஸ்கள் வந்தால் இன்னொரு தொல்லை. கம்பி ஒரே ஜோடி என்றால், ஒரு குட்டி வண்டி இன்னொன்றைத் தாண்ட முடியாது. இரு ஓட்டுநர்களும் நின்று, மின்கயிறுகளை மாற்றிக்கொண்டு போகவேண்டும்!

லோம்பார் ஜெரான் என்ற பிரெஞ்சுக்காரர் கன்றை முன்னால் ஓடவிட்டார். குட்டி வண்டிக்கே ஒரு மோட்டார். 1900 பாரிஸ் கண்காட்சியின்போது வேன்சென்னில் அது ஓடியது. மறு ஆண்டு ஜெர்மனியின் எபர்ஸ்வால்டேயில் அதே முறையில் ஒரு பஸ் விட்டார்கள். சில மாதங்களில் நின்றுபோனது.

அதே 1901, ஜூலை 10. சாக்சனியின் பீலா பள்ளத்தாக்கில் மாக்ஸ் ஷீமன் குட்டி வண்டியையே தூக்கி எறிந்தார். பஸ்ஸின் கூரையிலிருந்து ஸ்பிரிங்கால் உந்தப்பட்ட கழிகள் எழுந்து, கம்பிகளை அடியிலிருந்து தொட்டன. அடியிலிருந்து தொடும் கழி அவர் கண்டுபிடித்ததல்ல. ஃபிராங்க் ஸ்பிரேக் 1888இல் அமெரிக்காவின் ரிச்மண்டில் டிராம்களை அப்படித்தான் ஓட்டினார். ஆனால் தண்டவாளமில்லாத வண்டிக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று பாருங்கள். புவியீர்ப்பு கீழே இழுத்தால் ஸ்பிரிங் மேலே தள்ளும். கம்பியை மேலிருந்தே தாங்கிப் பிடிக்கலாம்; அடிப்பக்கம் தடையில்லாமல் கிடக்கும். கழி பக்கவாட்டில் சாயும் என்பதால், நின்றிருக்கும் மாட்டு வண்டியையோ பள்ளத்தையோ பஸ் ஒதுங்கிப் போய்விடும். இன்றைய டிராலி பஸ்ஸின் கழிகளும் இந்த வழியில் வந்தவைதான்.

ஷீமனின் பாதை ஒற்றைப் பாதை. அதனால் தப்பித்தார். நகரத்துக்குள் டிராலி பஸ் நுழைந்ததும் சாலை இரண்டாகப் பிரிந்தது. கம்பிகளும் பிரிந்தாக வேண்டும். இடப்புறம் திரும்பும் ஜோடியின் வலக் கம்பி, நேரே போகும் ஜோடியின் இடக் கம்பியைக் குறுக்கே வெட்டிப் போகவேண்டும். ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். இரண்டும் தொட்டால் தீப்பொறி பறக்கும். தொடாமல் நடுவில் இடைவெளி விட்டால், அந்த இடத்தில் பஸ்ஸுக்கு மின்சாரமே இல்லை.

நாற்சந்தியின் நடுவில் பஸ் வந்துவிட்டது. கழி அந்த இடைவெளியை நெருங்குகிறது...

(தொடரும்)