கல்யாண தீர்த்தத்தில் ஒரு பகல்

வைகாசிக் கடைசியில் பொதிகை மலைப் பக்கம் போகிறவர்கள் ஒரு விநோதத்தைக் காணலாம். திருநெல்வேலியில் வெயில் மண்டையைப் பிளக்கும். ரயில் மேற்கே போகப் போக, மலை முகட்டில் மேகம் தங்கியிருப்பதும் காற்றில் ஈரம் ஏறுவதும் தெரியும். கோடை இன்னும் போகவில்லை. சாரல் இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் நானும் நண்பர் ஒருவரும் பாபநாசத்து அருவிகளைப் பார்க்கப் புறப்பட்டோம்.

வண்டி சேரன்மகாதேவியில் நின்றது. "வ. வே. சு. ஐயர் குருகுலம் நடத்திய ஊர் இதுதானே?" என்றார் நண்பர். அதுவரை அருவிக் குளியலைப் பற்றி மட்டுமே பேசிக் கொண்டு வந்த நாங்கள், அப்புறம் ஐயரைப் பற்றியே பேசினோம்.

திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்த ஐயர், சட்டம் படிக்க லண்டன் போய்ப் புரட்சிக்காரராகிவிட்டார். 1910-ல் பிரிட்டிஷ் போலீஸாரின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். ஏறக்குறையப் பத்து வருஷம் அங்கே வாசம். 1921-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டார்கள். அவரோ பல்லாரிச் சிறையில் உட்கார்ந்து கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் எழுதினார். 1922-ல் அவர் தொடங்கிய குருகுலம் சேரன்மகாதேவியில் நிலைகொண்டது.

அந்தக் குருகுலம்தான் அவருக்குத் தீராத தலைவலியாயிற்று. பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியாகச் சாப்பாடு போடப்படுகிறது என்று செய்தி பரவியது. தேசத்தின் பணத்தில் நடக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்குள் பேதமா என்று வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் கேட்டார்கள். காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்திருந்த சமயம் அது. விவகாரம் காந்தியடிகள் வரைக்கும் போயிற்று. ஊர் இரண்டுபட்டுக் கிடந்தது.

இந்தப் பேச்சிலேயே அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் பாபநாசம் வந்தோம். கோயிலில் கும்பிட்டுவிட்டு மலைப்பாதையில் நடந்தோம். அகஸ்தியர் அருவியின் இரைச்சல் முதலில் காதுக்கு எட்டிற்று, பிறகுதான் கண்ணுக்கு. பக்கத்திலுள்ள படிகளில் மூச்சு வாங்க ஏறினால் கல்யாண தீர்த்தம். சிவபெருமானின் திருமணக் கோலத்தை அகத்தியர் கண்ட இடம் என்பது ஐதீகம்.

பாறைகளுக்கு நடுவே தண்ணீர் கறுத்துக் கிடந்தது. பார்வைக்குப் பரம சாது. பாறை விளிம்பில் போய் நின்றேன்.

"ஐயா, அங்க கால வச்சிராதிய! வழுக்கும்" என்று ஒரு குரல் கேட்டது. நிழலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர்.

"ஆழம் அதிகமோ, பெரியவரே?"

"ஆழத்த விடுங்க. உள்ள இழுக்கும். ஒரு பெரிய மனுசர் மக கூடவே போன இடம்லா இது."

பெயர் அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும்.

1925 ஜூன் மாதத் தொடக்கத்தில், எங்களைப் போலவே கோடை முடியும் தருணத்தில், குருகுலத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐயர் இங்கே வந்தார். இன்று மேலே ஆற்றைத் தேக்கி வைத்திருக்கும் அணைகள் அன்று இல்லை. நீரைத் தாண்டப் போன மகள் சுபத்திரா கால் தவறி விழுந்தாள். காப்பாற்றக் குதித்தார் தகப்பனார். இருவரும் மீளவில்லை. ஐயருக்கு அப்போது வயது 44.

1915-ல் ஐயர் எழுதிய 'குளத்தங்கரை அரசமரம்' கதையை நேயர்கள் படித்திருப்பீர்கள். குளத்தில் விழுந்து மாண்ட ஒரு பெண்ணின் துயரத்தைக் கரையில் நிற்கும் மரமே சொல்லும். அதை எழுதிய கைக்குப் பத்தே வருஷத்தில் இப்படி ஒரு தண்ணீர் காத்திருந்ததே என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஒரு வகையில் அதிர்ஷ்டசாலி. இந்த மரணம் அந்தச் சண்டையை மறக்கடித்துவிட்டது" என்றார் நண்பர்.

எனக்குச் சம்மதமில்லை. தனியே உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளைப் பார்த்துக் கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளின் மனப்புண், ஐயர் உயிரைக் கொடுத்ததால் ஆறிவிடாது. கேள்வி கேட்டவர்கள் நியாயத்தைத்தான் கேட்டார்கள். அதற்காக, மகளுக்கென்று ஒரு கணமும் யோசிக்காமல் குதித்த மனிதர் சிறுத்துப் போகவும் மாட்டார். அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதிலைத் தேட அவருக்கு ஆயுள் இல்லாமல் போயிற்று. நஷ்டம் அவருக்கு மட்டுமல்ல, நமக்கும்தான்.

இறங்கும்போது மலை உச்சியில் மேகம் திரண்டிருந்தது. கீழே அருவியில் ஒரு தகப்பனார் தம் சிறுமியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் கையை உதறப் பார்த்தாள். அவர் விடவில்லை. நாங்கள் தோளில் துண்டோடு வந்தவர்கள், குளிக்காமலே ஊர் திரும்பினோம்.