சாட்டப்பட்ட பாவமும் நீதியும்

ஒருவர் செய்ததை இன்னொருவர் பேரில் கணக்கெழுதுவதே கிறித்தவ இறையியலில் சாட்டுதல். ஆதாமின் மீறுதல் மனித குலத்தின் பேரிலும், மனிதரின் பாவம் கிறிஸ்துவின் பேரிலும், கிறிஸ்துவின் நீதி விசுவாசியின் பேரிலும் ஏறுகிறது என்பது கோட்பாடு. அடிப்படை ரோமர் நிருபத்தின் 4, 5ஆம் அதிகாரங்கள். 4ஆம் அதிகாரத்தில் பவுல் திரும்பத் திரும்ப ஆளும் லொகிசொமாய் என்ற கிரேக்க வினை கணக்கு வழக்கில் புழங்கியது. தமிழ் வேதாகமத்தில் அது 'எண்ணு' ஆனது. பொருள் சரி, பேரேட்டு வாசம்தான் குறைவு. இறையியலாரின் 'சாட்டு' குற்றத்துக்குப் பொருந்துகிறது, நீதிக்கு நெருடுகிறது. கரிசல் ஊர்களில் சாட்டு என்றால் முதலில் பொங்கல் சாட்டுதான் நினைவுக்கு வரும். அருப்புக்கோட்டைக் கமிஷன் கடைக்காரர் பற்று, வரவு என்றே முடித்துவிடுவார்.

இவ்வட்டாரத்துக்கு இக்கோட்பாட்டைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானது, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கப்பட்ட அமெரிக்கன் மதுரை மிஷன். திருச்சுழிப் பக்கத்து மண்டபசாலை அதன் நிலையங்களுள் ஒன்று. மிஷனை நடத்திய சபையார் கால்வினிய மரபினர். அம்மரபின் 1647ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடை சாட்டுதலை வெளிப்படையாகவே போதிக்கிறது. ஆனால் அவர்கள் தாய்நாட்டிலேயே அப்போது இதில் சண்டை. ஆதாமின் குற்றம் பிறர்மேல் ஏறாது, அவரவர் பாவமே பாவம் என்று நியூ ஹேவனில் நத்தானியேல் டெய்லர் வாதிட்டார். பிரின்ஸ்டனில் சார்லஸ் ஹாட்ஜ் மறுத்தார்.

கத்தோலிக்கரின் நிலை வேறு. ட்ரென்ட் சங்கம் 1546இல் ஜென்மபாவம் பிறப்புவழியே வருவதென்றும், 1547இல் நீதி வெறுமனே எண்ணப்படுவதில்லை, உள்ளே பொழியப்பட்டு ஆளை மாற்றுகிறது என்றும் வரையறுத்தது. 1999இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் கையெழுத்திட்ட உடன்பாடு இந்தப் பிளவைக் குறைத்தது, மூடவில்லை.

வினை செய்தவனையே சேரும் என்று பழகிய காதுக்குச் சாட்டுதல் அநியாயமாகவே ஒலிக்கும். ஆனால் தகப்பன் பட்ட கடன் மகன் தலையில் விழுவது இங்கே யாருக்கும் புதிதல்ல. இந்துச் சட்டத்திலேயே மகனுக்கு அந்தக் கடமை இருந்தது, 2005ஆம் ஆண்டுத் திருத்தம்தான் புதிய கடன்களுக்கு அதை நீக்கியது. ஆதாமின் கதையை இந்த வழியில் விளக்குவது எளிது. கிறிஸ்துவின் பக்கத்துக்கு வாரிசுக்கடன் போதாது, மனமுவந்து நிற்கும் ஜாமீன்தாரர் வேண்டும். அதற்கு உதாரணம் பவுலிடமே உண்டு: ஒநேசிமு பட்ட கடனைத் தன் கணக்கில் எழுதச் சொல்லி, தானே தீர்ப்பதாகப் பிலேமோனுக்குப் புரோநோட்டுப் போலத் தன் கைப்படவே எழுதுகிறார். அங்கே அவர் ஆளும் எல்லொகெயோ என்ற வினை புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது: ரோமர் 5:13இல், பாவத்தைப் பற்றி.