சீமை மரையும் நாட்டு மரையும்

கீழ்பென்னாத்தூரில் எங்கள் பாட்டனார் வீட்டுப் பின்கட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுவரில் சாத்திக் கிடந்த ராலே சைக்கிளைச் சென்ற தை மாதத்தில் வெளியே எடுத்தோம். பாட்டனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர்களில் மாற்றலாகி மாற்றலாகிப் பணி செய்தவர். இப்பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்த 1940களில் அச்சைக்கிளை அவர் வாங்கினார். எங்கள் தந்தையார் சைக்கிள் பழகியது அதில்தான், குரங்குப் பெடல் போட்டு. எண்பதை நெருங்கும் அவர், அதை ஒருமுறையேனும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத் தொடங்கிய வேலை எங்களை எதிர்பாராத ஒரு வரலாற்றுக்குள் இழுத்துச் சென்றது. அதையே இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

டயர், டியூப், பிரேக் கட்டை ஆகியவை பெரிய சிக்கலின்றிக் கிடைத்தன. கோட்டம் எடுத்ததும் சக்கரங்கள் நேராயின. தொல்லை கொடுத்தது பெடல்கள் சுழலும் நடு அச்சு. சைக்கிளின் முதன்மைக் குழாய்களில் இரண்டு அவ்விடத்திலேயே கூடுகின்றன. ஓட்டுபவரின் முழு விசையும் அதன் வழியாகத்தான் சங்கிலிக்குப் போகிறது. உள்ளே ஓர் அச்சு, இருபுறமும் இரண்டு கப்புகள், ஒவ்வொரு கப்பிலும் கால் அங்குலக் குண்டுகள் 11. கிராங்குகளை அச்சோடு பிணைப்பது ஆப்பு வடிவிலான காட்டர் பின். துருப்பிடித்த பின்னைச் சுத்தியலால் அடித்தே எடுக்கவேண்டும். கிராங்கின் கீழே முட்டுக் கொடுக்காமல் அடித்தால், அடியின் வேகம் குண்டுகளின் வழியே இறங்கிக் கப்பில் குழி விழுந்துவிடும். சைக்கிள் கடைகளில் ‘ஓவராயில்’ என்று வழங்கப்படும் வேலையில் கைத்திறன் வெளிப்படும் இடம் இதுவே.

இந்த அமைப்பின் வயதை எண்ணிப் பார்த்தால் வியப்பே மிஞ்சுகிறது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஜூல் சூரிரே 1869ல் சைக்கிளுக்கான குண்டுத் தாங்கிக்கு உரிமம் பெற்றார். அதே ஆண்டு பாரிசிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் வென்ற ஜேம்ஸ் மூரின் வண்டியில் அத்தகைய தாங்கிகளே இருந்தன. அன்றைய வண்டிகளில் பெடல் முன்சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. 1885ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி தம் ரோவர் சைக்கிளை வெளியிட்டு, சங்கிலியால் பின்சக்கரத்தை ஓட்டும் முறையை நிலைநிறுத்திய பிறகே, நடு அச்சு இன்றைய இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த அச்சைத் தாங்கும் கப்பில் ஒரு விந்தை உண்டு. வலப்புறக் கப்பு இடதுமரை கொண்டது. உலகத்துத் திருகுகளெல்லாம் வலப்பக்கம் சுழற்றினால் இறுகும்; இதுவோ இடப்பக்கம் சுழற்றினால்தான் இறுகும். அச்சு ஒரு திசையில் சுழலும்போது, குண்டுகளின் வழியே வரும் அழுத்தத்தால் கப்பு அதற்கு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாக நகர முற்படுகிறது. வலப்புறத்தில் சாதாரண மரை இருந்தால், மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவரும். இடதுமரையோ மிதிக்க மிதிக்க இறுகும். இத்தாலியரோ இருபுறமும் வலதுமரையே வைத்தனர். அதனாலேயே அவ்வண்டிகளின் வலக் கப்பை மிக வலுவாக முடுக்கவேண்டியுள்ளது. ‘மரை கழன்றவன்’ என்று பித்தனைச் சொல்லும் நம் வழக்கை அறிந்தவர்கள், மரை கழலாதிருக்க இவ்வளவு சிந்தித்த அந்தப் பெயர் தெரியாத பட்டறைக்காரர்களை மதிக்காமல் இருக்க முடியாது.

மரையின் திசையைப் போலவே அதன் நெருக்கமும் முக்கியமானது. இங்கிலாந்தின் சைக்கிள் பொறியாளர் கழகம் 1902ல் சைக்கிள் மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தது. நடு அச்சின் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை என்பது பொது வழக்காயிற்று. நாட்டிங்ஹாம் நகரின் ராலே நிறுவனமோ தன் வண்டிகளுக்கு 26 மரை வைத்தது. குறுக்களவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே கையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. முதல் சுற்றில் ஒன்று மற்றதில் ஏறவும் ஏறும். அதற்குமேல் நகராது.

அந்தப் பொறியில்தான் நாங்கள் விழுந்தோம். எங்கள் வண்டியின் வலக் கப்பு மண்ணெண்ணெயில் கழுவியதும் பளபளத்தது. இடக் கப்பிலோ குழிகள். எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தும் என்று சொல்லி ஒரு கடையில் தந்த புதிய கப்பை வாங்கி வந்து, ஒன்றரைச் சுற்று ஏற்றியபின், இறுகுகிறது என்றெண்ணி நீண்ட பாரா போட்டு முடுக்கத் தொடங்கினோம். அவ்வழியே போன முதியவர், ஒரு காலத்தில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர், சத்தம் கேட்டு நின்றார். “தம்பி, நிறுத்துங்க. இது சீமை மரை. நம்ம ஊரு கப்பு ஏறாது. பலவந்தம் பண்ணினா ரெண்டும் கெட்டுடும்” என்றார். கழற்றிப் பார்த்தபோது சட்டத்தின் முதல் மரை நசுங்கியிருந்தது.

அவர் ‘நம்ம ஊரு கப்பு’ என்றதில் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. உண்மையில் அதுவும் சீமை மரைதான். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்சும் இணைந்து 1949ல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கின. அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ், பர்மிங்காமின் பெயரையும் வடிவையும் ஏற்றது. சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ எனப் பின்னர் எழுந்தவையும் அவ்வடிவையே பின்பற்றின. பர்மிங்காமின் 24 மரை இவ்வாறு இந்தியக் கிராமத்தின் சொத்தாயிற்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பழகியபோதும், 2001க்குப் பின் தமிழக அரசு மாணவியருக்குச் சைக்கிள் வழங்கியபோதும், எந்தச் சிற்றூரிலும் உதிரி பாகம் கிடைக்கும் என்ற உறுதி அவர்களுக்குப் பின்னே இருந்தது. பிறரோடு பகிர்ந்துகொண்ட அளவு கடல் கடந்து வாழ்கிறது. தனக்கென்றே வைத்துக்கொண்ட அளவோ, 2002ல் நாட்டிங்ஹாமில் சைக்கிள் உற்பத்தி நின்ற பிறகு, பின்கட்டுகளில் துருவேறிக் கிடக்கிறது.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. சட்டத்தில் புதிதாக 24 மரை வெட்டிவிடலாம். எந்தக் கப்பும் பொருந்தும், வண்டி தினமும் ஓடும். ஆனால் பழைய மரை என்றென்றைக்குமாக அழியும். இரண்டு மரைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக வெட்டுண்ட இரும்பு வலுவாகவும் இராது. அல்லது 26 மரைக் கப்பு கிடைக்கும்வரை காத்திருக்கலாம். தந்தையாரின் வயதைக் கருதித் தம்பி முதல் வழியை வற்புறுத்தினான். சில நாள் வீட்டில் பேச்சு கசந்தது.

அப்போது எங்கள் நினைவுக்கு வந்தவர் உ.வே. சாமிநாதையர். புறநானூற்றை அவர் 1894ல் பதிப்பித்தபோது 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவ்விடத்தை இட்டு நிரப்ப அவர் முயலவில்லை, எண்களை விட்டுவைத்தார். பிற்காலத்தில் யாருக்கேனும் ஏடு கிடைக்கலாம் அல்லவா? இல்லாததை இல்லையென்று காட்டி, இருப்பதைக் கெடுக்காமல் வைப்பதும் பதிப்புப் பணியே.

ஆகவே மரையைத் தொடவில்லை. நசுங்கிய முதல் மரையை அந்த முதியவரே மெல்லிய முக்கோண அரத்தால் பொறுமையாகச் சீர்செய்தார். குழி விழுந்த பழைய கப்பையே திரும்ப ஏற்றினோம். குண்டுகள் 22ம் புதியவை, கிரீஸ் புதியது, காட்டர் பின்கள் புதியவை. பின்களின் சாய்வை இருபுறமும் ஒன்றுபோல் அராவி, ஒன்றை மேலிருந்தும் மற்றதைக் கீழிருந்தும் செருகினார். இல்லையெனில் கிராங்குகள் இரண்டும் ஒரே கோட்டில் நில்லா.

தந்தையார் ஏரிக்கரை வரை ஓட்டிச் சென்று திரும்பினார். சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்று ஓர் ஒலி வந்தது. அது என்ன என்று அவர் கேட்டார். பழைய கப்பின் குழி என்றோம். “அப்பா ஓட்டும்போதே இருந்தது” என்றார்.

26 மரைக் கப்பை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.