கதிரை வந்த வழி

வன்னிப் பெருநிலத்தார் நாற்காலியைக் 'கதிரை' என்பர். 'கதிர்' என்னும் தமிழ்ச் சொல்லோடு இதற்கு உறவில்லை. போர்த்துக்கேய 'கதெய்ரா'வே இதன் மூலம். அதுவோ இலத்தீன் 'கதெத்ரா'வின் வழித்தோன்றல். இலத்தீனும் அதனைக் கிரேக்கத்திடமே கடன்பெற்றது. பிரெஞ்சில் அச்சொல் 'ஷேர்' என்றாயிற்று; பாரிசு நகரப் பேச்சில் ரகரம் திரிந்து 'ஷேஸ்' எனவும் வழங்கலாயிற்று. இன்று முன்னது பேராசிரியர் பீடத்தையும் தேவாலயப் பிரசங்க மேடையையும் குறிக்க, பின்னதே வீட்டுக் கதிரைக்குப் பெயராகி நிற்கின்றது.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி 1658வரை ஆண்டனர். வன்னியிலோ அவர்தம் நேரடி ஆட்சி வேரூன்றவில்லை. வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தித் தம் நிலத்தைத் தாமே ஆண்டுவந்தனர். ஆளாதவரின் சொல் அங்கு நிலைத்தது எவ்வாறு? அரசாட்சியின் எல்லையே சொல்லின் எல்லை எனக் கொள்வது பொருந்தாது. யாழ்ப்பாணத்தோடு நிலவிய மணவுறவும் வணிகமும், 20ஆம் நூற்றாண்டில் கிளிநொச்சிப் பகுதியில் ஏற்பட்ட குடியேற்றங்களும் இதற்குத் துணைபுரிந்திருத்தல் கூடும்.

பின்வந்த ஒல்லாந்தர் 1795வரை யாழ்ப்பாணத்தை ஆண்டும் கதிரையை அசைக்கவில்லை. அவர்கள் தந்தது 'கந்தோர்'. ஒல்லாந்த மொழிக்கு அது பிரெஞ்சுக் 'கோந்த்வார்' வழி வந்தது. எண்ணுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையே அதன் வேர். கந்தோரிற் கதிரையில் அமர்ந்திருப்பவர் அறியாமலே இரு இலத்தீன் சொற்களைப் பேசுகின்றார்.